கிளைட்காமா, கிம்பலா? தனியாளாகப் படம் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய கிளைட்காமும் ஒரு கிம்பலும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இரண்டும் ஸ்டெபிலைசர்கள், அதாவது நடந்து படம் எடுக்கும்போது கமரா குலுங்காமல் பிடிக்கிற சாமான்கள். கலியாண வீடு, கோயில் திருவிழா, கூத்து, இடைக்கிடை ஓர் ஆவணப்படம் என்று எல்லாவற்றையும் உதவியாள் இல்லாமல் எடுத்துப் பழகியவன் நான். இரவல் கேட்டு வருகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து முதலிலிருந்து சொல்லி முடியாது என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

கிளைட்காம் எது, கிம்பல் எது? இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?

கிளைட்காம் என்பது ஒரு கம்பனியின் பெயர். ஆனால் பற்றரி இல்லாமல், அடியில் எடைத்தட்டு வைத்த கைப்பிடி ஸ்டெபிலைசர் எதுவென்றாலும் இங்கே நாங்கள் கிளைட்காம் என்றே சொல்வோம். மேலே கமரா, நடுவில் ஒரு தண்டு, அடியில் எடை. தண்டில் எல்லாப் பக்கமும் சுழலும் ஒரு மூட்டு இருக்கும். கைப்பிடி அதில் பூட்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த மூட்டுக்கும் கிம்பல் என்றுதான் பெயர்.

தோளில் காவுதடி வைத்து மீன் கொண்டுபோனவர்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இரண்டு நுனியிலும் பாரம் தொங்கும்போது ஆள் துள்ளித் துள்ளி நடந்தாலும் தடி சட்டென்று திரும்பாது. திருப்ப வேண்டுமென்றால் நின்று, நிதானமாகக் கிறுக வேண்டும். பாரம் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு அதைத் திருப்புவது கஷ்டம். உங்கள் கை நடுக்கத்துக்கும் அதே கஷ்டம்தான். கிளைட்காமில் உள்ள வித்தை அவ்வளவும் இதுதான்.

எலெக்ட்ரோனிக் கிம்பலில் மூன்று மோட்டர்கள். ஒன்று இடம் வலமாகத் திருப்ப, ஒன்று மேல் கீழாகச் சாய்க்க, ஒன்று அடிவானத்தை நேராக வைத்திருக்க. உள்ளே இருக்கும் உணரி கமரா எந்தப் பக்கம் சரிகிறது என்று ஓயாமல் அளக்க, மோட்டர்கள் அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும். முதலாவது அசைவை எதிர்த்து நிற்கிறது, இரண்டாவது அசைந்ததைத் திருத்துகிறது. படத்தில் இந்த வித்தியாசம் தெரியும்.

சினிமாவில் இவற்றை ஒரே ஆள்தானே பிடிக்கிறார்? அப்படியானால் எனக்கும் சரிவரும்தானே?

பிடிப்பது ஒருவர். வேலை செய்வது ஒருவர் அல்ல. 1970களில் அமெரிக்க ஒளிப்பதிவாளர் காரெட் பிரவுன், கிளைட்காமுக்கு அண்ணன் மாதிரியான ஸ்டெடிகாமைக் கண்டுபிடித்தார். அதை உடம்பில் கட்டி நடப்பவர் ஃபோகஸைத் தொடுவதில்லை. தூரத்தில் இன்னொருவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஃபோகஸ் திருப்புவார். 2013இல் ஃப்ரீஃப்ளை கம்பனியின் மோவி வந்து மோட்டர் கிம்பலைப் பிரபலமாக்கியது. அடுத்த வருசம் டிஜேஐயின் ரொனின் வந்தது. அவையும் இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய சட்டங்கள்தான். ஒருவர் தூக்கி நடக்க, இன்னொருவர் ரிமோட்டால் கமராவைத் திருப்புகிற முறையிலும் வேலை நடந்தது.

ஆக இரண்டுமே தனியாளுக்காகப் பிறந்த சாமான்கள் அல்ல. ஒற்றைக் கையால் பிடிக்கிற சின்னக் கிம்பல்களும், முகத்தைக் கண்டுபிடித்து விடாமல் பிடித்துக்கொள்ளும் ஓட்டோபோகஸும் சேர்ந்த பிறகுதான் எங்கள் காலம் வந்தது. எனவே ‘எது வழுக்கிக்கொண்டு போகும்?’ என்று மட்டும் பார்க்காதீர்கள். ஃபோகஸ், ரெக்கோர்டிங் பட்டன், சத்தம், எதிரே நிற்கும் ஆள் எல்லாவற்றையும் பார்க்க உங்களிடம் மிச்சம் எத்தனை கை இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, கை எத்தனை மிச்சம்?

கிளைட்காமில் ஒன்றும் மிச்சமில்லை. வலக்கை கைப்பிடியில், இடக்கையின் பெருவிரலும் இரண்டு விரலும் தண்டில், பூவைத் தொடுவது மாதிரி. கமராவைத் தொட்டால் அது ஆடும். ஆடி அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். பகலில் இதற்கு ஒரு வழி உண்டு: முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கமராவில் 24 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சின்னதாக்கி, ஃபோகஸை ஏறத்தாழ 2.4 மீற்றரில் பூட்டினால், 1.2 மீற்றரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். ஃபோகஸை மறந்துவிட்டு நடக்கலாம். இரவில் வெளிச்சத்துக்காகத் துளையைப் பெரிதாகத் திறக்க வேண்டும், அந்த வழி அடைபட்டுவிடும்.

கிம்பலில் பெருவிரலுக்குக் கீழேயே ரெக்கோர்டிங் பட்டன் இருக்கிறது. கமராவோடு இணைத்தால் கைப்பிடியிலிருந்தே தொடங்கலாம், நிறுத்தலாம். சிலவற்றில் ஃபோகஸ் திருப்ப ஒரு சில்லும் உண்டு. சின்னது என்றால் இடக்கை முழுதாக மிச்சம். கலியாண வீட்டில் அந்தக் கையால் ‘அன்ரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ’ என்று சைகை காட்டலாம். சிரிக்க வேண்டாம், அது பெரிய விஷயம்.

கிம்பல் மாட்டினால் நடை தெரியாது என்கிறார்களே?

தெரியும். இந்த ஒன்றை நம்பி வாங்கித்தான் அநேகம் பேர் ஏமாறுகிறார்கள். மூன்று மோட்டர்களும் கமரா சாய்வதையும் திரும்புவதையும் மட்டுமே திருத்தும். நீங்கள் அடி வைக்கும்போது உடம்போடு கமராவும் ஏறி இறங்குகிறதே, அதைத் திருத்த மோட்டர் கிடையாது. கையில் பிடிக்கிற கிளைட்காமிலும் அதற்கு வழியில்லை. உங்கள் முழங்கைதான் ஸ்பிரிங். நெஞ்சில் கட்டும் கவசமும் ஸ்பிரிங் கையும் உள்ள முழு ஸ்டெடிகாம்தான் அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கும்.

எப்போது இது கண்ணில் படும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். வாவியின் அக்கரையை அகல லென்ஸில் எடுத்துக்கொண்டு நடந்தால் ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது. தூரத்துப் பொருள் ஓர் அங்குல உயர மாற்றத்துக்கு அசையாது. அதே நடையில் ஒரு கண்டல் கிளையோ ஒரு முகமோ இரண்டடி தூரத்தில் வந்தால் அது மேலும் கீழுமாகக் குதிக்கும். பக்கத்தில் பொருள் இருந்தால் மெல்ல நட, தூரத்தில் இருந்தால் பயப்படாதே என்று தம்பிமாருக்குச் சொல்வேன்.

நடையைப் பழக விளிம்பு வரை நிரப்பிய தேத்தண்ணி போதும். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, குதிக்கால் முதலில் பதிய, மெல்ல நுனிக்கு உருட்டி நடவுங்கள். பின்னால் நடக்கும்போது நுனி முதலில். நான் பழகியது கல்லடிக் கடற்கரை மணலில். காய்ந்த மணலில் கால் புதைந்து ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு உயரமாக விழும். அலை நனைத்துப் போன மணலில் ஒரே சீராக வரும். கடற்கரை ஷொட் என்றால் ஈர மணல் ஓரமாகவே நடப்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

சமநிலை பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

கிம்பலுக்கு முதல் நாள் அரை மணித்தியாலம், பழகினால் ஐந்து நிமிடம். கிளைட்காமுக்கு முதல் நாள் ஒரு பின்னேரம் முழுவதும், பழகினால் பத்து நிமிடம், மனம் சரியில்லாத நாளில் ஒரு பின்னேரம் முழுவதும்.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று: படம் எடுக்கும் நிலைக்குக் கமராவை முதலில் கொண்டுவாருங்கள். லென்ஸ் மூடியைக் கழற்றி, மெமரி கார்ட் போட்டு, திரையைத் திறந்து, மைக்கைப் பூட்டி, ஸூம் லென்ஸ் என்றால் எந்த அளவில் எடுக்கப் போகிறீர்களோ அந்த அளவுக்கு நீட்டி வைத்த பிறகே சமநிலை. லென்ஸ் மூடியோடு சமப்படுத்திவிட்டு, மூடியைக் கழற்றிய கணத்தில் கமரா அண்ணாந்து பார்க்கும் காட்சியை எத்தனை முறை பார்த்துவிட்டேன்!

கிம்பலை அணைத்து வைத்துத்தான் சமப்படுத்த வேண்டும். முதலில் சாய்வு, அப்புறம் அடிவான அச்சு, கடைசியில் இட வலச் சுழற்சி. லென்ஸை எந்தக் கோணத்தில் விட்டாலும் அந்தக் கோணத்திலேயே நின்றால் சரி. அரைகுறையாக விட்டாலும் மோட்டர் பலத்தால் பிடித்துக்கொள்ளும்; ஆனால் பற்றரி சீக்கிரம் போகும், மோட்டர் சுடும், உற்றுக் கேட்டால் ஒரு ரீங்காரம். அந்த ரீங்காரத்தின் நடுக்கம் படத்திலும் வரும்.

கிளைட்காமில் தண்டை முழுதாகக் கிடையாகப் பிடித்துவிட்டு, அது கீழே விழுந்து செங்குத்தாக வர எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். இரண்டிலிருந்து மூன்று செக்கனுக்குள் வந்தால் நல்லது. சட்டென்று விழுந்தால் அடி கனம், நடக்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் தொட்டில் மாதிரி ஆடும். சோம்பலாக விழுந்தால் மேல் கனம், கையில் நிற்காது. என் கிளைட்காமின் எடைத்தட்டு இரண்டு தொலைந்து கனகாலம். ஹாட்வெயார் கடையில் நிறுத்து வாங்கிய வொஷர்கள்தான் இப்போது அதில் கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. சின்ன லென்ஸுக்கு ஏழு போதும்.

எங்கள் பக்கம் காற்று கூட. அதற்கு எது தாங்கும்?

கிம்பல். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. கிளைட்காம் மெல்லிய தொடுகைக்கே திரும்பும்படி செய்யப்பட்டது. காற்றும் ஒரு தொடுகைதான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கல்லடிப் பாலத்தில் கிளைட்காமைப் பிடித்தால் கமரா தானாகவே கடலைப் பார்க்கும். தண்டை இறுக்கிப் பிடித்தால் கை நடுக்கம் உள்ளே வந்துவிடும், பிறகு ஸ்டெபிலைசர் எதற்கு? கிம்பலின் மோட்டர் காற்றோடு மல்லுக்கட்டி நிற்கும். பெரிய மொனிட்டர், பெரிய லென்ஸ் ஹூட் பூட்டினால் அதுவும் தோற்கும், கழற்றிவிடுங்கள்.

வடமோடிக் கூத்து ஒன்றை விடிய விடிய எடுக்கப் போகிறேன். எதைக் கொண்டுபோவது?

இந்தக் கேள்விக்கு நான் மணிக்கணக்காகப் பேசுவேன். ஏனென்றால் இரண்டு சாமானின் குணமும் வெளியில் வருகிற இடம், கூத்து ஆடுகிற வட்டக்களரி.

கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரும், மத்தளமும், சல்லரித் தாளமும், பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்க, ஆட்டக்காரர் சுற்றி ஆடுவார்கள். சனம் நாலு பக்கமும். சினிமா மாதிரி முன்பக்கம் பின்பக்கம் என்று எதுவுமில்லை. கிம்பலை வழக்கமான பின்தொடரும் முறையில் வைத்திருந்தால் நீங்கள் திரும்பி ஒரு கணம் கழித்துத்தான் கமரா திரும்பும். கலியாண வீட்டில் அது அழகு. களரியில், விரிந்து நிற்கிற கரப்புடுப்போடு அரசன் வீசாணம் என்ற ஆட்டம் போட்டுத் திரும்புகிறபோது, கமரா அவர் விட்டுப்போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்தொடரும் வேகத்தைக் கூட்டலாம். கூட்டினால் உங்கள் சின்னத் தடுமாற்றமும் படத்தில் வரும்.

கிளைட்காமில் அந்தப் பிந்தல் இல்லை. விரல் சொன்ன கணத்தில் திரும்பும், விரலை எடுத்தால் மிதந்துகொண்டே போகும். ஆட்டத்தோடு நீங்களும் ஆடலாம். ஆட்டத்தின் மூச்சு படத்தில் தெரிய வேண்டுமென்றால் என் வாக்கு கிளைட்காமுக்கே. ஆனால் எத்தனை நிமிடம்? ஒரு கிலோ கமராவுக்கு ஏறக்குறைய அதே அளவு எடை அடியில் வேண்டும். மொத்தம் இரண்டு கிலோவுக்கு மேல், அதுவும் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்த கையில். என்னால் ஒரே மூச்சில் ஐந்து நிமிடம் முடியும். கூத்து ஐந்து நிமிடத்தில் முடிகிற சாமானா?

அதனால் நான் செய்வது இது: இரவு முழுக்க ட்ரைபொட்டில் ஒரு கமரா, களரி முழுதும் தெரிய, யாரும் தொடாமல். அதிலேயே சத்தமும். கையிலுள்ள கமராவை வரவுக்கும் (ஒரு பாத்திரம் முதன்முதலாகக் களரிக்கு வந்து ஆடுவது) சண்டைக்கும் மட்டும் எடுப்பேன். இரண்டு வரவுக்கு இடையில் தரையில் வைத்துவிட்டுக் கடலை கொறிப்பேன். ஸ்டெபிலைசர் ஷொட் மொத்தம் அரை மணித்தியாலம் வந்தாலே படம் நிறைந்துவிடும்.

முதல் முறை நான் அப்படிச் செய்யவில்லை. புதுக் கிம்பலின் ஆசையில் ஆட்டக்காரரோடு சேர்ந்து நானும் களரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். விடியப்புறம் ஓர் அண்ணாவியார் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, உங்கட வரவு முடிஞ்சா மறுகா எங்கட பிள்ளைகள் ஆடலாமா?”

கோயில் சடங்கு, தீமிதிப்பு மாதிரி நெரிசலில்?

முதலில் கோயிலில் கேளுங்கள். பூசை செய்கிற கப்புகனார் வேண்டாம் என்ற இடத்தில் கமராவை எடுக்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் கிளைட்காமை வீட்டில் வையுங்கள். அடியில் தொங்கும் இரும்பு சரியாகச் சின்னப் பிள்ளைகளின் தலை உயரத்தில் வரும். நெரிசலில் சின்னக் கிம்பல், இல்லாவிட்டால் வெறுங்கை.

தோணியில், ஓட்டோவில்?

தோணியில் கிம்பல் அருமையாக வேலை செய்யும். தோணி இரண்டு பக்கமும் சரிய அடிவானம் அசையாமல் நிற்பதைப் பார்க்கவே ஒரு சந்தோசம். கிளைட்காம் ஒவ்வொரு துடுப்பு வலிப்புக்கும் ஊஞ்சலாடும்.

ஓட்டோவில் ஒரு கவனம். பொத்துவில் பக்கம் போகும்போது நீண்ட வளைவில் திரும்பினால், கிம்பலின் உணரி எது கீழ்ப்பக்கம் என்று குழம்பி, அடிவானம் மெல்லச் சரியத் தொடங்கும். நிறுத்தி, சில செக்கன் அசையாமல் வைத்தால் நேராகும். மோட்டர் சைக்கிள் ஹேண்டிலில் போனை நேரடியாகப் பூட்டவே வேண்டாம்: பெரிய எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கமராவைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிள் கம்பனியே 2021இல் எச்சரித்தது.

கமராவுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, பிறகு எதற்கு இதெல்லாம்?

நின்று எடுக்கிற ஷொட்டுக்கு அதுவே போதும், உண்மையாகவே போதும். நடந்தால் போதாது, அகல லென்ஸில் மூலைகள் ஜெலி மாதிரி நெளியும். கிம்பலில் பூட்டும்போது அதை அணைத்தும் போட்டும் ஒரு ஷொட் எடுத்துப் பாருங்கள், சில கமராக்களில் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும்.

மென்பொருளில் திருத்துவதும் ஒரு வழி. ஜைரோஃப்ளோ என்று இலவசமாகவே ஒன்று இருக்கிறது. கமரா பதிந்த அசைவுக் கணக்கை வைத்துத் திருத்தும். ஆனால் ஓரம் வெட்டுப்படும். அதோடு இரவில் 1/50 செக்கன் ஷட்டரில் எடுத்ததில் ஒவ்வொரு குலுக்கலும் மங்கலாகப் பதிந்திருக்கும். படத்தை நேராக்கினாலும் மங்கல் அங்கேயே இருந்து துடிக்கும். ஷட்டரைக் கூட்டலாம் என்றால் எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ்; 1/50, 1/100 தாண்டினால் டியூப் லைட் மினுங்கும். பகலுக்கு நல்ல வழி, இரவுக்கு இல்லை.

உப்புக் காற்று?

இரண்டுக்கும் எதிரி. கிம்பலுக்குக் கொஞ்சம் கூட, ஏனென்றால் மோட்டர் இடுக்கால் மணலும் உப்பும் போகும். கடற்கரையிலிருந்து வந்ததும் ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். மணலில் வைக்காதீர்கள், ஒரு கணமும். என் முதல் கிம்பல் அப்படித்தான் செத்தது: பாசிக்குடாவில் செருப்பைக் கழற்ற இரண்டு நிமிடம் மணலில் சாய்த்து வைத்தேன். அடுத்த நாள் இட வலச் சுழற்சியில் நறநறவென்று ஒரு சத்தம். திருத்தக் கொடுத்த இடத்தில் மூன்று மாதம் கிடந்து, போனபடியே திரும்பி வந்தது. கிளைட்காமின் மூட்டிலும் மணல் போகும். ஆனால் அதைக் கழற்றித் துடைத்து நானே பூட்டினேன்.

கரண்ட் இல்லாவிட்டால்?

2022இல் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் கிளைட்காம்காரர்கள் ராசாக்கள். இப்போது பெரிய பிரச்சினை இல்லை. நடுத்தரக் கிம்பல்களுக்குக் கம்பனி பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் என்று சொல்லும். நன்றாகச் சமப்படுத்திய, அசையாத கமராவுக்கான கணக்கு அது. பவர் பேங்கிலிருந்தும் ஏற்றலாம்.

அப்படியானால் எதை வாங்க?

கமராவும் லென்ஸும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குள் என்றால் சின்னக் கிம்பல். டிஜேஐ ஆர்எஸ் 3 மினி மாதிரி ஏறத்தாழ 800 கிராம் எடையுள்ள ஒன்று, இரண்டு கிலோ வரை தூக்கும். கனத்த கமரா வைத்திருப்பவர் பெரிய கிம்பல் வாங்கினால் தனியாளாக ஒரு நாள் முழுக்க அதைத் தூக்க முடியாது. முதலில் சின்ன லென்ஸ் ஒன்றைத் தேடுங்கள். போன் மட்டும் என்றால் போன் கிம்பல். கிளைட்காம் பழையதாக, மலிவாகக் கண்ணில் பட்டால் வாங்கிப் போடுங்கள். ஆறு மாதம் பழகப் பொறுமை இருந்தால் மட்டும்.

பழைய கிம்பல் வாங்கும்போது அணைத்த நிலையில் மூன்று அச்சையும் விரலால் சுழற்றுங்கள், தடக்குப்படவோ நறநறக்கவோ கூடாது. பற்றரி ஊதியிருக்கிறதா பாருங்கள். டிஜேஐயின் ஆர்எஸ் வகைகளைப் புதிதாக வாங்கினால் போனில் செயலி வழியாக ஒருமுறை பதிய வேண்டும். இன்டர்நெட் உள்ள இடத்தில், வேலைக்கு முதல் நாளே செய்யுங்கள். கலியாண வீட்டு வாசலில் நின்று சிக்னல் தேடாதீர்கள்.

காசு செலவழிக்காமல் முதலில் ஏதாவது செய்து பார்க்கலாமா?

பார்க்கலாம். கமராவை ட்ரைபொட்டில் பூட்டுங்கள். கால்களை நீட்டாமல் ஒரு சாண் மட்டும் விரியுங்கள். ட்ரைபொட்டின் தலைக்குக் கீழே விரலை வைத்து, எந்த இடத்தில் பிடித்தால் எந்தப் பக்கமும் விழாமல் நிற்கிறது என்று தேடுங்கள். அந்த இடத்தை மூன்று விரலால், இறுக்காமல் பிடித்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து படலை வரை நடவுங்கள். விரிந்த கால்கள்தான் உங்கள் எடைத்தட்டு. இதுவே போதும் என்று சொல்லி ஒன்றும் வாங்காமல் போனவர்கள் இருவர். அதில் ஒரு தங்கச்சி என்னுடைய ட்ரைபொட்டை இன்னும் திருப்பித் தரவில்லை.